பார்க்காமல் போட்ட டிக்

மத்தியானத்துக்கு மேல் என் வலது தோள்பட்டை என் பேச்சைக் கேட்காது. காலை எட்டு மணிக்கு முதல் டோக்கன். கையை நீட்டி, ஸ்கேன் கருவியை வயிற்றின் மேல் அழுத்திப் பிடித்து, இடது கையால் பொத்தான்களைத் தட்டி, கழுத்தைத் திரைப் பக்கம் திருப்பி வைத்து, இப்படி ஒரே கோணலில் முப்பது முப்பத்தைந்து வயிறு. இருபதாவது வயிற்றில் தோள் எரிய ஆரம்பிக்கும். முப்பதாவதில் விரல்கள் மரத்துவிடும். சாப்பாட்டு டப்பாவின் மூடியைத் திறக்க முடியாமல் டோக்கன்காரரைக் கூப்பிட்ட நாட்கள் உண்டு.

"இந்தக் கையை வச்சுக்கிட்டுதான் ஊர் உலகத்துக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கறீங்களா?" என்பார் அவர். "பேசாம நீங்க டோக்கன் குடுங்க, நான் எடுக்கறேன். எல்லா குழந்தையும் நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போறேன்."

ஸ்கேன் சென்டரில் எனக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கு மற்றவர்கள் இருபத்தைந்து நிமிடம் எடுப்பார்கள். நான் பன்னிரண்டில் முடிப்பேன். அதில் எனக்குப் பெருமை இருந்தது. என் அம்மா செங்கல் சுமந்தவள். தலையில் பன்னிரண்டு கல், ஏற வேண்டியது மூன்று மாடி. மெதுவாக ஏறினவளை மேஸ்திரி மறுநாள் கூப்பிட மாட்டான். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு வேகம்தான் யோக்கியதை. நான் படித்து, ஏசி அறைக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் புத்தி மாறவில்லை.

அன்றைக்கு முப்பத்தொன்றாவது டோக்கனாக வந்தவள் சட்டைக் கம்பெனியில் செக்கர். தைத்து வருகிற சட்டைகளைப் புரட்டிப் பார்த்து, பட்டன் சரியா, காலர் சரியா என்று தேறியதையும் தேறாததையும் பிரித்துப் போடுகிற வேலை. முதல் பிரசவம், இருபத்தொன்றாவது வாரம்.

"எங்க லைன்ல ஒரு சட்டைக்கு நாப்பது செகண்ட்தான்க்கா," என்றாள் படுத்துக்கொண்டே. "உங்களுக்குப் பரவால்ல. ரெண்டு கைக்குப் பதிலா ஒரு கையால பாக்கறீங்க, அவ்வளவுதான்."

தலை பார்த்தேன், முதுகெலும்பு, வயிறு, கைகால் பார்த்தேன். இதயத்துக்கு வந்தேன். குழந்தையின் இதயம் அந்த மாதத்தில் ஒரு நிலக்கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. முதலில் நான்கு அறைகள் தெரிய வேண்டும். தெரிந்தன. ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு இன்னொன்று பார்க்க வேண்டும். இதயத்திலிருந்து இரண்டு பெரிய குழாய்கள் கிளம்பும். ஒன்று உடம்புக்கு, ஒன்று நுரையீரலுக்கு. கிளம்பும் இடத்தில் அவை ஒன்றையொன்று குறுக்காகக் கடந்து போக வேண்டும். அதைப் பார்க்கத்தான் நேரம் பிடிக்கும்.

குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. எப்படிச் சாய்த்தாலும் எலும்பின் நிழல்தான் விழுந்தது.

"குப்புறப் படுத்துருக்கு. திரும்ப மாட்டேங்குது," என்றேன்.

"அவங்கப்பா மாதிரி. ஞாயித்துக்கிழமை எழுப்பிப் பாருங்க, இதே முதுகுதான் தெரியும்."

இப்படி இருந்தால் தாயைப் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். வந்ததும் மறுபடி பார்க்க வேண்டும். வெளியே இன்னும் நான்கு பேர். தோள் பிய்ந்துகொண்டிருந்தது. எங்கள் புதுக் கணினியில் ரிப்போர்ட் காலியாக வராது. எல்லா வரியிலும் 'இயல்பு' என்று நிரம்பியே வரும். கோளாறு இருந்தால் நாம்தான் மாற்ற வேண்டும். இல்லையென்றால் பக்கத்தில் ஒரு டிக். பழைய கணினி படம் இல்லாமல் அடுத்த வரிக்குப் போகவே விடாது. புதியது நல்ல பிள்ளை, எதுவும் கேட்காது.

'பெருங்குழாய்கள் குறுக்காகக் கடக்கின்றன: இயல்பு.' டிக் போட்டேன். அவள் வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். பதினொரு நிமிடம்.

ஐந்தரை மணிக்கு, அன்றைய படங்களைச் சேமிப்புக்கு அனுப்பும்போது ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவளுடையதில் கடைசித் துண்டு நான் எடுக்க நினைத்து எடுத்ததல்ல. கருவியை வயிற்றிலிருந்து தூக்கும்போது தானாகப் பதிவானது, மூன்று வினாடி. அதில் குழந்தை லேசாகப் புரண்டிருந்தது. இரண்டு குழாய்கள் தெரிந்தன. ரயில் தண்டவாளம் மாதிரி, பக்கத்துப் பக்கத்தில், நேராக. கடக்கவே இல்லை.

நிறுத்தினேன். திரும்ப ஓடவிட்டேன். ஒன்பது தடவை பார்த்திருப்பேன். மூன்று வினாடிப் படத்தை வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் கைபேசியை எடுத்தேன்.

பதிவில் இருந்தது அவள் கணவனின் எண். அவன் குழாய் வேலை செய்கிறவன். எடுத்தபோது எங்கோ தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"ஸ்கேன் சென்டர்லேருந்து பேசறேன். உங்க மனைவிக்கு இன்னொரு தடவை பாக்கணும்."

"இன்னிக்குத்தானே பாத்தீங்க? எல்லாம் நல்லாருக்குன்னு எழுதியே குடுத்தீங்க."

"ஒரு இடம் சரியாத் தெரியல. நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. காசு வேண்டாம்."

"காசு வேண்டாம்னு சொல்றவங்ககிட்டதாங்க பயமே. முதல்ல ஓசிம்பீங்க, அப்புறம் அந்த டெஸ்ட்டு இந்த டெஸ்ட்டுன்னு இழுத்து விடுவீங்க. வேலையா இருக்கேன், வைங்க."

அதற்குப் பிறகு நான்கு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. குறை சொல்ல முடியாது, அவன் சொன்ன மாதிரி செய்கிற இடங்களும் இருக்கின்றன.

மறுநாள் காலை ஏழரைக்குச் சட்டைக் கம்பெனி வாசலில் நின்றேன். காவலாளி தூரத்திலிருந்தே கையை ஆட்டினார். "ஆள் எடுக்கலம்மா. அடுத்த மாசம் வா."

"வேலைக்கு வரல அண்ணே. ஒருத்தரைப் பாக்கணும்."

"எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க."

பெண்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள். சாப்பாட்டுப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக அவள் வந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல் சிரித்தாள். தெரிந்ததும் சிரிப்பு நின்றது.

என்னவெல்லாமோ தயார் பண்ணி வைத்திருந்தேன். படம் கொஞ்சம் மங்கல், இயந்திரத்தில் கோளாறு, இப்படி. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கும்போது அதெல்லாம் வாயில் வரவில்லை.

"நேத்து உங்க ரிப்போர்ட்ல ஒரு இடத்துல பாக்காம டிக் போட்டுட்டேன்."

"பாக்காமன்னா?"

"குழந்தை திரும்பிப் படுத்திருந்துச்சு. உங்களை நடந்துட்டு வரச் சொல்லியிருக்கணும். நேரமாச்சுன்னு விட்டுட்டேன். சாயங்காலம் படத்தைப் பாத்தா, இதயத்துல ஒரு சந்தேகம் இருக்கு. சந்தேகம்தான். ஆனா பாக்கணும்."

பின்னால் வந்தவர்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் ஒரு பட்டன் இல்லாத சட்டையைப் பாக்காம அனுப்பினா, லைனுக்கு நடுவுல நிக்க வச்சு அத்தனை பேர் முன்னாடியும் கேப்பாங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "சட்டைக்கே கேப்பாங்கக்கா."

உள்ளே சங்கு ஊதியது. உள்ளே போகாவிட்டால் அரைநாள் சம்பளம் போகும் என்று எனக்குத் தெரியும். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வாங்க," என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தாள்.

அன்று எங்கள் சென்டரை நடத்தும் பெரிய டாக்டரம்மாவே பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது நிமிடம். இரண்டு தடவை நடக்க வைத்தோம். கடைசியில் குழந்தை மனசு வைத்துத் திரும்பியது. சந்தேகம் தீர்ந்தது, நல்லபடியாக அல்ல. இரண்டு குழாய்களும் இடம் மாறியிருந்தன.

தகவல் கேட்டு அவள் கணவன் கருவிப் பையோடு ஓடி வந்தான். முழங்கால் வரை ஈரம். என்னை முறைத்துக்கொண்டே டாக்டரம்மா சொன்னதைக் கேட்டான்.

"உடம்புக்குப் போக வேண்டிய குழாய் வலது பக்கத்துலேருந்து கிளம்புது. நுரையீரலுக்குப் போக வேண்டியது இடது பக்கத்துலேருந்து. அதனால கெட்ட ரத்தம் உடம்பையே சுத்தும், நல்ல ரத்தம் நுரையீரலையே சுத்தும். வயித்துக்குள்ள இருக்கற வரைக்கும் தாயோட ரத்தம் பாத்துக்கும். வெளிய வந்தப்புறம்தான் ஆபத்து."

அவன் நெற்றியைச் சுருக்கினான். "ரெண்டு லைனையும் மாத்திக் குடுத்துட்டாங்க."

"ஆமா."

"அறுத்து மாத்திப் பொருத்தணும்."

"ஆமா. பொறந்து ரெண்டு வாரத்துக்குள்ள பொருத்தணும். முன்னாடியே தெரிஞ்சு, சரியான ஆஸ்பத்திரியில பொறந்துட்டா, பெரும்பாலான குழந்தைங்க நல்லா வளருதுங்க. ஓடுதுங்க, பள்ளிக்கூடம் போகுதுங்க."

"பைப் என்ன சைஸ் இருக்கும்?"

டாக்டரம்மா மேசை மேல் கிடந்த பேனாவின் ரீஃபிலை எடுத்துக் காட்டினார். "பொறக்கும்போது இதைவிடக் கொஞ்சம் பெருசு."

அவன் ரீஃபிலை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு தன் விரல்களைப் பார்த்தான். அவள்தான் அந்த ரீஃபிலை அவனிடமிருந்து பிடுங்கி மேசையில் வைத்தாள். "நீ பொருத்தப் போறதில்ல. எந்திரி."

அவர்கள் போன பிறகு நான் டாக்டரம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புதுக் கணினி வந்து ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் இவள் ஒருத்திக்கு மட்டும்தான் அப்படிச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். சேமிப்பில் ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தோம். குழாய்கள் கடக்கும் படமே இல்லாமல் நான் டிக் போட்டிருந்தவர்கள் இவளைத் தவிர இருபத்து மூன்று பேர்.

டாக்டரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கூப்பிடு," என்றார். "ஒவ்வொருத்தரா. என்ன நடந்துச்சுன்னு மழுப்பாம சொல்லிக் கூப்பிடு. யாராவது திட்டினா வாங்கிக்கோ." எழுந்தவர் திரும்பி, "முப்பத்தஞ்சு டோக்கன் எழுதிக் குடுத்தவ நான். அதுக்கு நான் வாங்கிக்கறேன்," என்றார். அடுத்த வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு இருபத்திரண்டு டோக்கன். டோக்கன்காரர் எனக்குப் பெயர் மாற்றினார்: பாசஞ்சர்.

வரிசையாகக் கூப்பிட்டேன். ஒருத்தி அழுதாள். ஒருத்தியின் மாமனார் போலீசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் அவரே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். ஒருத்தி நான்கு வார்த்தையில் திட்டினாள், அதை இங்கே எழுத முடியாது. ஆனாலும் வந்தாள். ஒவ்வொரு வயிற்றிலும் அந்தக் குழாய்கள் குறுக்காகக் கடப்பதைப் பார்க்கிறவரை எனக்கு மூச்சு கீழே இறங்காது. ஒரே ஒரு குழந்தைக்குக் கீழறைகளுக்கு நடுவே கடுகளவு ஓட்டை. தானாக மூடிக்கொள்ளலாம், பார்த்துக்கொண்டிருப்போம் என்றார் டாக்டரம்மா.

செக்கருக்கு ஒன்பதாம் மாதம் நெருங்கும்போது அவள் கணவன் தனியாக வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். இதய ஆபரேஷன் செய்யும் பெரிய ஆஸ்பத்திரி நான்கு மணி நேரத் தூரத்தில் இருந்தது. பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பே அங்கே போய்த் தங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

"எங்கக்கா விட மாட்டேங்குதுங்க," என்றான். "'மூணு பெத்தேன், ஒரு ஸ்கேனும் எடுக்கல, மூணும் கல்லாட்டம் இருக்கு. தலைப்பிரசவத்துக்குக் கண்காணாத ஊருக்கு எதுக்கு இழுத்துட்டுப் போற'ன்னு கேக்குது. இங்கயே பக்கத்துல பெத்துக்கட்டும், ஏதாச்சும்னா அப்புறம் கொண்டு போலாம்னு சொல்லுது. எனக்கும்... ஒரு மாசம் வேலையை விட்டுட்டுப் போகணும்."

"அவங்க என்ன சொல்றாங்க?"

"அவளா? அவ பையைக் கட்டி வச்சுட்டா. எங்கக்காகிட்ட, 'அண்ணி, உங்க மூணும் கல்லாட்டம் இருக்குன்னு எனக்கும் தெரியும், மண்டையைத் தட்டினாலே தெரியுது'ன்னுட்டா. வீட்டுல ஒருத்தரோட ஒருத்தர் பேசறதில்ல."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு சொன்னேன். "குழந்தை பொறந்ததும் அழும். எடை நல்லாருக்கும். உங்கக்கா, 'பாத்தியா, நான் சொன்னேனே'ன்னு சொல்வாங்க. வயித்துக்குள்ள இருக்கும்போது அந்த ரெண்டு லைனுக்கும் நடுவுல ஒரு சின்னக் குழாய் திறந்திருக்கும். அது வழியாத்தான் நல்ல ரத்தம் கொஞ்சமாவது கலக்குது. பொறந்து ஒரு நாள் ரெண்டு நாள்ல அது தானா மூடிக்கும். மத்த குழந்தைங்களுக்கு அது மூடறதுதான் நல்லது."

"இதுக்கு மூடினா ரெண்டும் தனித்தனி ஆயிடும்," என்றான்.

"அப்ப உதடு நீலமாகும். அப்புறம் வண்டி பிடிக்கணும். நாலு மணி நேரம். அங்கயே பொறந்தா, பொறந்த உடனே மருந்து ஏத்தி அதை மூட விடாம வச்சிருப்பாங்க."

"ஒரு வீட்டுல பைபாஸ் வால்வை மூடிட்டுப் போயிட்டேன்," என்றான். "மேல் மாடிக்கு ரெண்டு நாள் தண்ணி ஏறல. திட்டினாங்க, போய்த் திறந்து விட்டேன். சரியாப் போச்சு." எழுந்தான். "இதுல அப்படிப் போய்த் திறக்க முடியாதுல்ல."

அந்த வெள்ளிக்கிழமையே கிளம்பினார்கள். ஆச்சரியம், அக்காவும் கூடவே போனாள். அந்த ஊரில் யார் சமைத்துப் போடுவது என்று சண்டை போட்டுக்கொண்டு ஏறினாளாம்.

மீதியெல்லாம் தொலைபேசியில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் என் எண்ணைக் கண்டால் எடுக்காதவன் இப்போது அவனே கூப்பிட்டான். பெண் குழந்தை, மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அழுதது. நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரமே உதடும் நகமும் நாவல்பழ நிறம். அக்கா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்துவிட்டாளாம். குழந்தையைத் தாய் ஒரு நிமிடம் தொட்டுப் பார்த்தாள், உடனே மருந்து ஏற்றக் கொண்டுபோனார்கள். அன்றைக்கே தொப்புள் வழியாக மெல்லிய குழாயை இதயத்துக்குள் விட்டு, நுனியில் ஒரு சின்ன பலூனை ஊதி, இரண்டு ரத்தமும் கலக்கும்படி மேலறைகளுக்கு நடுவே இருந்த துளையைப் பெரிதாக்கினார்கள். கொஞ்சம் நிறம் திரும்பியது.

எட்டாவது நாள் ஆபரேஷன். அன்றைக்கு இருபத்திரண்டு பேரையும் ஸ்கேன் பண்ணினேன். ஒவ்வொருவருக்கும் நடுவே கைபேசியைப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு உள்ளே கொண்டுபோனவர்கள் மத்தியானம் இரண்டாகியும் வெளியே வரவில்லை. இரண்டு பெரிய குழாய்களையும் வெட்டி மாற்றிப் பொருத்தினால் மட்டும் போதாது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற நூல் போன்ற இரண்டு குழாய்களையும் பெயர்த்து எடுத்துப் புது இடத்தில் தைக்க வேண்டும். அதுதான் கஷ்டமான இடம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மூன்றே காலுக்கு அழைப்பு வந்தது. எடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை, மூச்சுச் சத்தம் மட்டும்.

"சொல்லுங்க," என்றேன்.

"மாத்திட்டாங்களாம்," என்றான். "லீக் இருக்கான்னு கேட்டேன் சிஸ்டர். அந்த டாக்டர் சிரிச்சுட்டாரு. இல்லையாம். சொட்டு இல்லையாம்." அக்கா கைபேசியைப் பிடுங்கி, "பொண்ணு சிவந்துட்டா," என்று கத்தினாள். "ரோஜாப்பூ கணக்கா சிவந்துட்டா. நீ சாப்டியா முதல்ல?"

ஐந்து வாரம் கழித்து மூவரும் குழந்தையோடு ஸ்கேன் அறைக்கு வந்தார்கள். நெஞ்சுக்கு நடுவே ஒரு கோடு. செக்கர் துணியை விலக்கிக் காட்டினாள். "தையலைப் பாத்துட்டேன். வளையல, பிசிறு இல்ல. எங்க லைன்ல கூட இவ்வளவு நேரா தைக்க ஆளில்ல." குழந்தை கொட்டாவி விட்டது. நான் விரலை நீட்டினேன். பிடித்துக்கொண்டது, நகம் இளஞ்சிவப்பாக இருந்தது.

என்னை மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் கிளம்பும்போது, நான் முன்பு போனில் சொல்லியிருந்ததை நினைவு வைத்து, "அந்த இருபத்து மூணு பேர்ல எத்தனை பேரைப் பாத்தாச்சு?" என்று கேட்டாள். வேலையில் மேற்பார்வை பார்க்கிறவளின் குரல் அது.

"இருபத்திரண்டு."

"மீதி?"

மீதி ஒருத்தி. வீட்டு வேலை செய்கிறவள், புதுக் கணினி வந்த முதல் வாரத்தில் ஸ்கேனுக்கு வந்தவள். கொடுத்த எண் அணைந்து கிடக்கிறது. விலாசம் மட்டும்தான் இருக்கிறது என்றதும், "நான் பைப் போடாத தெரு கிடையாது, குடுங்க," என்று செக்கரின் கணவன் வாங்கிக்கொண்டு போனான். இரண்டு நாளில் திரும்பி வந்தான். அந்த வரிசை வீடுகளையே இடித்துவிட்டார்கள், இருந்தவர்கள் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள், எந்த மாடி என்று யாருக்கும் தெரியவில்லை என்றான். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அங்கே போகிறேன். இதுவரை ஆறு கட்டடம் முடித்திருக்கிறேன், இன்னும் ஐந்து இருக்கின்றன. அவள் குழந்தை பிறந்து இந்நேரம் இரண்டரை மாதம் ஆகியிருக்கும். பெரும்பாலும் நன்றாகவே இருக்கும் என்கிறார் டாக்டரம்மா. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் குழந்தையின் இதயத்தை நான் பார்க்கவில்லை, பார்த்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தத் தாய்க்கு நான் ஒரு ஸ்கேன் கடன்பட்டிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.